எட்டை இருபதாக்கப் பதினோரு நாள்

2018 ஆடியில் உடுமலையிலிருந்து ஒரு பம்ப் டீலர் எங்கள் பட்டறைக்கு வந்தார். மஞ்சள் பையில் ஒரு போர்டு. 2011-இல் நாங்கள் செய்து விற்ற ஆட்டோ ஸ்டார்ட்டரின் (பம்ப் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் பெட்டி) கன்ட்ரோல் போர்டு அது.

"ஏனுங் தம்பி, இந்த ட்ரை ரன் எட்டு செகண்டுலயே கட் ஆயிடுதுங்க. நம்ம பக்கம் போர்ல தண்ணி விட்டு விட்டுத்தான் வருது. இருபது செகண்டா மாத்திக் குடுத்தீங்கன்னா தேவலைங்க."

நியாயமான கோரிக்கை. ட்ரை ரன் என்றால் தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடுவது. போரில் தண்ணீர் வற்றினால் மோட்டாருக்குச் சுமை குறையும், அது இழுக்கும் கரண்டும் குறையும். அந்தக் குறைவு சில வினாடிகள் நீடித்தால் எங்கள் போர்டு கான்டாக்டரை (மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும் ஸ்விட்ச்) விடுவித்து மோட்டாரை நிறுத்திவிடும். எத்தனை வினாடி என்பது நிரலில் ஒரே ஒரு எண். 8 என்றிருப்பதை 20 என்று மாற்றவேண்டும், அவ்வளவுதான். "நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

பதினோரு நாள் ஆனது.

அந்த நிரலைக் காசு கொடுத்து வாங்கிய ஒரு கம்பைலரில் (நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவமாக்கும் மென்பொருள்) எழுதியிருந்தோம். அதன் உரிமம் ஒரு யூஎஸ்பி டாங்கிளில், அதாவது கம்ப்யூட்டரில் செருகும் சின்னச் சாவியில், இருந்தது. டாங்கிள் பத்திரமாக இருந்தது. அதைச் செருகிய கம்ப்யூட்டர்தான் முந்தின வருடமே போய்ச் சேர்ந்திருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. பழைய கம்பைலரின் டிரைவர் அதில் ஏறவில்லை. புதிய பதிப்பை வாங்கலாம் என்றால் வருடாவருடம் பணம் கட்டவேண்டும். சோதனைப் பதிப்போ எங்கள் பழைய ப்ராஜெக்ட் கோப்பைத் திறக்கவே மறுத்தது. கடைசியில் காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் ஒருவரிடம் எக்ஸ்பி ஓடும் பெட்டி ஒன்றைப் பிடித்து, அதில் எல்லாவற்றையும் ஏற்றி, எட்டை இருபதாக்கி, போர்டில் எழுதிக் கொடுத்தேன். டீலர் திட்டவில்லை. பதினோரு நாளும் ஒரு தோட்டம் காய்ந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். லேத்தில் தொடங்கியவர், நிரல் பக்கம் வரமாட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: "நம்ம பூட்டுக்கு நம்மகிட்ட சாவி இல்லையா?" அன்றைக்கே ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) கருவிகளுக்கு மாறுவது என்று முடிவானது. ஃபர்ம்வேருக்கு, அதாவது சிப்புக்குள் ஓடும் நிரலுக்கு, நாங்கள் இரண்டு பேர். அந்த மாற்றத்தில் எங்கே இடறினோம், எதைப் பிடித்துக்கொண்டோம் என்பதை எழுதிவைக்கிறேன். எங்களைப் போல ஆறேழு பேர் வேலை செய்யும் பட்டறைகள் கோயம்புத்தூரில் நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் ஒரு தப்பெண்ணம். இலவசம் என்று நினைத்துத்தான் உள்ளே போனோம். ஜிசிசி என்ற கம்பைலருக்கும், தப்பைத் தேட உதவும் ஜிடிபி என்ற டீபக்கருக்கும் காசில்லைதான். ஆனால் முதல் மூன்று மாதம் நாங்கள் இருவரும் புதிதாக எதையும் விற்கும் அளவுக்குச் செய்யவில்லை. அந்தச் சம்பளத்தைக் கூட்டினால் உரிமம் வாங்கும் காசு ஏறக்குறைய வந்துவிடும். காசு மிச்சமாகும் என்று யாராவது சொல்லி உங்கள் முதலாளியைச் சம்மதிக்கவைத்தால், மூன்றாம் மாதம் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. சாவி நம் கையில் இருக்கும் என்று சொல்லுங்கள்.

எங்கள் போர்டில் இருந்தது எஸ்டிஎம்32எஃப்103 என்ற சிப். ஆர்ம் வகையைச் சேர்ந்த கார்ட்டெக்ஸ் எம்3, 72 மெகாஹெர்ட்ஸ், 64 கிலோபைட் ஃபிளாஷ் (கரண்டு போனாலும் அழியாத நினைவகம்), 20 கிலோபைட் ரேம் (கரண்டு போனால் அழியும் நினைவகம்). 'ப்ளூ பில்' என்று மாணவர்கள் வாங்கும் நீல போர்டில் இருப்பதும் இதே சிப்தான். எல்ஈடியைச் சிமிட்டவைப்பது ஒரு மணி நேர வேலையாக முடிந்தது. ஆகா என்றிருந்தது. மறுநாள் உண்மையான நிரலைக் கொண்டுவந்து கம்பைல் செய்தோம். பிழை எதுவும் இல்லை. போர்டில் ஏற்றினால் மோட்டார் ஓடிய உடனே நிற்கிறது; இன்னொரு முறை நிற்கவே மாட்டேன் என்கிறது. ட்ரை ரன் வினாடியை டீபக்கரில் பார்த்தால் 20 இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு கோடிக்கணக்கான எண்.

இரண்டு நாள் தலையைப் பிய்த்த பிறகு புரிந்தது. ஒரு குளோபல் மாறிக்கு (நிரல் முழுக்கப் பயன்படும் எண்) 20 என்று ஆரம்ப மதிப்பு கொடுத்தால், அந்த 20 ஃபிளாஷில்தான் உட்கார்ந்திருக்கும். கரண்டு வந்தவுடன் அதை யாராவது ரேமுக்கு எடுத்துப் போய் வைக்கவேண்டும். ஆரம்ப மதிப்பு இல்லாத மாறிகள் இருக்கும் இடத்தைப் பூஜ்யமாக்கவேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மெயின் ஃபங்ஷன், அதாவது நாம் எழுதிய நிரல், தொடங்கும். பழைய கம்பைலர் சொல்லாமல் கொள்ளாமல் இதைச் செய்துவந்தது. இங்கே இந்தத் தொடக்க வேலைக்கான ஸ்டார்ட்அப் கோப்பை நானே எழுதினேன், நகல் எடுக்கும் அந்த நாலு வரியை விட்டுவிட்டேன். ரேமில் கரண்டு வரும்போது என்ன குப்பை இருந்ததோ அதுவே வினாடியாகிவிட்டது. பத்து வருடம் ஃபர்ம்வேர் எழுதியவன் நான். மெயினுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அதன்பிறகு புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் வேறு வேலையே கிடையாது. எது நினைவகத்தில் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டைக் கையால் எழுது, ஸ்டார்ட்அப் கோப்பை எழுது, எது எங்கே போனது என்று காட்டும் மேப் கோப்பைப் பிரிண்ட் எடுத்து எந்த மாறி எந்த முகவரியில் இருக்கிறது என்று பென்சிலால் குறி. கல்லூரியில் 8051 என்ற பழைய சிப்பை ஒரு வருடம் படித்துவிட்டு வருகிறார்கள், ஆனால் மேப் கோப்பு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. குறை அவர்களுடையதில்லை, பட்டனை அழுத்தினால் எல்லாம் நடக்கும் மென்பொருளில் அதைப் பார்க்கவேண்டிய தேவை வருவதில்லை.

சின்னச் சின்ன இடறல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் எஸ்டி-லிங்க்கை (கம்ப்யூட்டரையும் சிப்பையும் இணைக்கும் கருவி) செருகினால் அனுமதி இல்லை என்று வரும். சூடோ போட்டு நிர்வாகி அதிகாரத்தில் சமாளிக்காமல், கருவிகளுக்கு அனுமதி தரும் யூடெவ் விதிக் கோப்பை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுவிடுங்கள். உபுண்டு 18.04-இல் ஆர்முக்கென்று தனி ஜிடிபி இல்லை, ஜிடிபி-மல்ட்டிஆர்ச் என்பதே அந்த வேலையைச் செய்யும். இடத்தை மிச்சம் பிடிக்க நியூலிப்-நானோ என்ற சின்ன சி நூலகத்தைப் போட்டால், எண்களை எழுத்தாக்கும் பிரிண்ட்எஃப்பில் தசம எண் அச்சாகாது. எங்கள் டிஸ்ப்ளேயில் வோல்டேஜ் இடம் வெறுமையாக வந்தது அதனால்தான். லிங்கருக்கு ஒரு கொடி (ஃபிளாக்) கூடுதலாகக் கொடுத்தால் வரும். நாங்கள் தசமமே வேண்டாம் என்று மில்லிவோல்ட்டில் முழு எண்ணாக மாறிக்கொண்டோம். அதுதான் நல்லதும்கூட.

டிஸ்ப்ளே என்றதும் இன்னொன்று. 16 எழுத்து இரண்டு வரி எல்சிடி. எல்லா ஸ்டார்ட்டரிலும் இருக்கும் அதே பச்சை டிஸ்ப்ளே. ஜிசிசிக்கு மாறியபின் ஒருநாள் மேல் வரி முழுக்கக் கறுப்புக் கட்டங்களாக நின்றது. அசெம்ப்ளியில் இருக்கும் அக்கா கான்ட்ராஸ்ட் ப்ரீசெட்டைத் திருகிப் பார்த்தார், போர்டை மாற்றிப் பார்த்தார், எல்சிடி லாட்டே மோசம் என்று திருப்பி அனுப்பவும் தயாரானோம். உண்மையில் கறுப்புக் கட்டம் என்றால் எல்சிடிக்குக் கரண்டு வந்திருக்கிறது, தொடக்கக் கட்டளைகள் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கட்டளைகளுக்கு நடுவே சில மில்லிவினாடி காத்திருக்க நான் 2011-இல் ஒரு வெற்று ஃபார் லூப் எழுதியிருந்தேன். ஜிசிசியில் ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவைப் போட்டதும், எந்தப் பயனும் இல்லாத லூப் என்று கம்பைலர் அதை மொத்தமாகத் தூக்கிவிட்டது. அதன் பார்வையில் அது சரி. ஒன்றும் செய்யாத லூப் ஒன்றும் செய்யாததுதானே.

என் கூட்டாளி "கம்பைலர் கெடுத்துடுச்சுங்க" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தேடத்தேட, இன்டரப்ட்டில் (ஓடும் நிரலை இடைமறித்து நடக்கும் வேலை) மாறும் மூன்று மாறிகளுக்கு, மதிப்பு எப்போதும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் வாலடைல் என்ற சொல்லைப் போடாமல் விட்டிருந்தது கிடைத்தது. அதில் ஒன்று, ஃபேஸ் ஒன்று போனால் உடனே மோட்டாரை நிறுத்தவேண்டிய கொடி. மூன்று ஃபேஸில் ஒன்று போய் மோட்டார் இரண்டில் ஓடினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும் என்பது விவசாயிக்கே தெரியும். ஏழு வருடமாகப் பழைய கம்பைலர் தாராள மனதோடு நம் தப்பைப் பொறுத்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகளை எல்லாம் திறந்துவிட்டு, எச்சரிக்கை வந்தால் பில்ட் நின்றுபோகும்படி வைத்தோம். முதல்நாள் நானூற்றுச் சொச்சம் எச்சரிக்கை. உட்கார்ந்து ஒன்றொன்றாகத் தீர்த்தோம். அதில் நாலு நிஜமான தவறுகள்.

இனி ஓப்பன்ஓசிடி. கம்ப்யூட்டரில் இருக்கும் ஜிடிபிக்கும் சிப்புக்குள் இருக்கும் டீபக் சுற்றுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் இது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005 வாக்கில் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காகத் தொடங்கியது. ஒரு மாணவரின் ப்ராஜெக்ட் இன்றைக்கு எங்கள் பட்டறையில் தினமும் ஓடுகிறது என்பதை நினைத்தால் வியப்புத்தான். நாங்கள் நுழைந்தபோது 0.10 பதிப்பு, அது 2017-இல் வந்தது. அடுத்த 0.11 வர 2021 ஆனது. அந்த நாலு வருடத்தில் பலர் மூலநிரலை எடுத்துத் தாங்களே கம்பைல் செய்துகொண்டார்கள், நாங்களும்தான். இதன் பிழைச் செய்திகள் பழகும் வரை கண்ணைக் கட்டும். பழகியபின் அது சொல்வதை நம்புங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2021-இல் சிப் தட்டுப்பாடு. எஸ்டிஎம்32எஃப்103-இன் விலை பல மடங்கு ஏறி, கிடைத்த இடத்தில் கிடைத்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் இருநூறு சிப் வாங்கிவந்தோம். மேலே எழுத்து, லோகோ எல்லாம் கச்சிதம். ஓப்பன்ஓசிடியில் இணைத்தால் எதிர்பாராத அடையாள எண் என்று சொல்லி நின்றுவிட்டது. அசல் சிப்பின் எண் 1-இல் தொடங்கவேண்டும், இது 2-இல் தொடங்குகிறது. இணையத்தில் தேடினால் ஆளாளுக்கு ஒரே வைத்தியம்: கட்டமைப்புக் கோப்பைத் திறந்து ஒன்றை இரண்டாக்கு, ஓடும். ஆக்கினோம். ஓடியது. எல்ஈடி சிமிட்டியது, டிஸ்ப்ளே வந்தது. ஆனால் அந்தச் செய்தி சொல்ல வந்தது என்ன? இது நீ நினைக்கும் சிப் இல்லை, அதன் நகல் என்பதுதானே. மேலே வேறொருவர் பெயரை அடித்து விற்பவர் உள்ளே எதைச் சோதித்திருப்பார்? பொள்ளாச்சி வெயிலில் ஒரு தகரப் பெட்டிக்குள் ஐந்து வருடம் இருக்கப்போகும் போர்டு. இருநூறையும் ஓரமாக வைத்தோம். அண்ணனுக்கு மனசே இல்லை. இன்றைக்கும் அவை பயிற்சி போர்டுகளில்தான் ஓடுகின்றன. அந்தத் திருத்தத்தைப் புரொடக்‌ஷன் கம்ப்யூட்டரில் போடுவதற்கு எங்கள் பட்டறையில் யாருக்கும் அனுமதி இல்லை.

ஒரு மெக்கானிக்கல் சீலை எரித்த கதையும் உண்டு. அரை எச்பி மோனோபிளாக் பம்ப் ஒன்றைத் தொட்டியில் வைத்து டீபக் செய்துகொண்டிருந்தேன். ட்ரை ரன் ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் இடம்) போட்டேன், நிரல் வந்து நின்றது. நின்ற நேரத்தில் மோட்டாரை இயக்கும் ரிலே போட்டபடியே இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. டீ வந்தது என்று எழுந்து போய்விட்டேன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்து பம்ப் வெறுமனே சுற்றி, சீல் கருகி, நாற்றம் வந்தபின்தான் ஓடிவந்தேன். நிரல் தொங்கினால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் ரீசெட் செய்து ரிலேயை விடுவிக்கும் என்றுதானே வடிவமைத்திருந்தோம்? அது ஏன் கடிக்கவில்லை?

அன்று மாலை ஓப்பன்ஓசிடியின் எஸ்டிஎம்32எஃப்1 கட்டமைப்புக் கோப்பைத் திறந்து படித்தேன். சாதாரண எழுத்துக் கோப்புதான். சிப்புடன் இணைந்தவுடன் ஒரு ரெஜிஸ்டரில் சில பிட்டுகளை அது ஏற்றுகிறது. சிபியூ நிற்கும்போது இரண்டு வாட்ச்டாக்கையும் நிறுத்திவைக்கும் பிட்டுகளும் அவற்றில் அடக்கம். டீபக் செய்பவன் வசதிக்காக யாரோ யோசித்துப் போட்டது. பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போதெல்லாம் சிப் ரீசெட் ஆனால் வேலை நடக்காது அல்லவா. எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். பழைய மென்பொருளும் இதையே செய்திருக்கலாம். அதில் திறந்து பார்க்க எனக்கு வழி இருந்ததில்லை. அதற்கப்புறம் மேஜையில் மோட்டார் இணைப்பதே கிடையாது. கான்டாக்டருக்கு அந்தப் பக்கம் ஒரு 100 வாட் பல்ப். மோட்டாரைச் சோதிக்கும் நாளில் டீபக்கரைக் கழற்றிவிடுவோம்.

காசு குறைவாகப் போய் அதிகப் பலன் தந்தது, கம்பிகளில் போகும் சிக்னல்களைப் பதிவுசெய்து காட்டும் சிக்ராக். அதன் திரை முகம் பல்ஸ்வியூ. எட்டு சானல், 24 மெகாஹெர்ட்ஸ் என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் லாஜிக் அனலைசர் ஒன்றை வாங்கிச் செருகினோம். மொபைல் ஸ்டார்ட்டரில் மோடம் திடீர் திடீரென்று பதில் சொல்லாமல் போகும். இரண்டு மாதமாக நிரலில்தான் தப்பு என்று தேடிக்கொண்டிருந்தோம். சீரியல் கோட்டைப் பிடித்து டீகோடரைப் போட்டால், நடுவே மோடம் தன் தொடக்கச் செய்தியை மறுபடி அனுப்புகிறது. அதாவது அதுவே அணைந்து எழுகிறது. ஜிஎஸ்எம் மோடம் சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எங்கள் சப்ளையில் இருந்த கெபாசிட்டர் அதற்குப் போதவில்லை. நிரலில் ஒரு எழுத்து மாற்றாமல் ஒரு கெபாசிட்டரில் தீர்ந்தது.

உரிமப் பிரச்சினையைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் ஆடிட்டர் யாரோ சொன்னதைக் கேட்டு, "ஜிபிஎல் சாஃப்ட்வேர் பயன்படுத்தினா உங்க கோடையும் வெளியில குடுக்கணுமாமே?" என்றார். ஜிபிஎல் என்பது ஓர் ஓப்பன் சோர்ஸ் உரிமம். ஜிசிசி ஜிபிஎல்தான். ஆனால் அதன் இயக்க நேர நூலகத்துக்கென்று விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள். அதில் கம்பைல் செய்ததாலேயே நம் நிரல் ஜிபிஎல் ஆகிவிடாது. கவனிக்கவேண்டியது நாம் உள்ளே சேர்க்கும் நூலகங்களை. லிப்ஓப்பன்சிஎம்3 என்ற நூலகம் அருமையானது, ஆனால் எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்). ஃபர்ம்வேருக்குள் மொத்தமாகப் பிணைத்துவிட்டால் அதன் நிபந்தனைகளை யோசிக்கவேண்டும். நாங்கள் யோசித்துவிட்டு, ஆர்மின் சிஎம்சிஸ் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டோம். அவை அப்பாச்சி உரிமம். ஃப்ரீஆர்டோஸ் என்ற சின்ன இயங்குதளம் 2017-இல் அமேசான் கைக்குப் போன பிறகு பத்தாம் பதிப்பிலிருந்து எம்ஐடி உரிமம், தலைவலி இல்லை. இதை ஒரு தாளில் எழுதி, நூலகம், பதிப்பு, உரிமம் என்று பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். புது நூலகம் சேர்ப்பவர் முதலில் அந்தத் தாளில் எழுதவேண்டும்.

செஃபிர் என்ற பெரிய இயங்குதளத்தையும் பார்த்தோம். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2016-இல் அறிமுகப்படுத்தியது. 4ஜி மோடத்தோடு ஒரு புது மாடலுக்காக எடுத்தோம். அதன் அமைப்பு முறைகளான டிவைஸ் ட்ரீயும் கேகான்ஃபிக்கும் தலையில் ஏற இரண்டு மாதம். நெட்வொர்க், பாதுகாப்பான அப்டேட் என்று வரும்போது அதன் அருமை தெரிகிறது. ஒரு ரிலேயும் ஒரு எல்சிடியும் மட்டுமுள்ள ஸ்டார்ட்டருக்கு அது கோழி அறுக்க ஆட்டுக் கத்தி. சின்ன மாடல்கள் ஃப்ரீஆர்டோஸிலேயே இருக்கின்றன.

சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த சிப் வடிவமைப்பின் பக்கம் ஆர்வமாக இருந்தாள். கல்லூரியில் ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசஸரை எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டில் ஓட்டிப் பார்த்தவள். ஆர்ம் தெரியாதே, பயிற்சி கொடுக்கவேண்டுமே என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. அங்கேயும் ஜிசிசி, ஜிடிபி, ஓப்பன்ஓசிடிதான். ரெஜிஸ்டர் பெயர்கள் வேறு, இன்டரப்ட் கொஞ்சம் வேறு. லிங்கர் ஸ்கிரிப்டும் மேப் கோப்பும் அப்படியே. இரண்டாம் வாரத்தில் எங்கள் பழைய நிரலில் தப்பு கண்டுபிடித்தாள். இப்போது சிப்பில் ஏற்றுவதற்கு ப்ரோப்-ஆர்எஸ் என்ற ரஸ்ட் மொழிக் கருவியைக் கொண்டுவந்திருக்கிறாள். நிரல் சி-யில் இருந்தாலும் அது ஏற்றும். செய்திகள் தெளிவாக இருப்பதால் அசெம்ப்ளி அக்காவே பார்த்துப் புரிந்துகொள்கிறார். ஓப்பன்ஓசிடிக்குக் கட்டுண்டவன் நான், கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் சம்மதித்தேன்.

இவ்வளவும் கருவியைப் பழகிய கதை. தொடங்கிய காரணம் வேறு: ஏழு வருடம் கழித்து ஒருவர் பையோடு வந்தால் மறுநாள் கொடுக்கமுடியுமா? ஓப்பன் சோர்ஸ் என்பதால் அது தானாக நடந்துவிடாது. இதையும் அடிபட்டுத்தான் கற்றோம். 2022-இல் ஒரு கம்ப்யூட்டரைப் புதுப்பித்துவிட்டு, வழக்கமாக ஆர்ம் கம்பைலர் எடுக்கும் இடத்துக்குப் போனால் தொகுப்பின் பெயரே மாறியிருந்தது, பதிப்பு எண்ணும் முன்னேறியிருந்தது. புதியதில் கம்பைல் செய்தால் நிரல் ஓடியது, ஆனால் அளவு வேறு, பைனரி வேறு. வயலில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் போர்டில் இருப்பது இதுதானா என்று கேட்டால் இல்லை. சாவி நம் கையில் இருந்தும் அதை எங்கே வைத்தோம் என்று தெரியாத கதை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாடலுக்கும் கம்பைலர் தொகுப்பை அப்படியே இறக்கி, அதன் செக்சத்தோடு (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்), நிரல் இருக்கும் சர்வரிலேயே வைக்கிறோம். பில்ட் நடப்பது ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரேமாதிரி இருக்கும் தனிப் பெட்டிக்குள். என் மேஜையில் என்ன பதிப்பு இருக்கிறது என்பது பொருட்டில்லை. வெளியே போகும் ஒவ்வொரு ஃபர்ம்வேருக்கும் பைனரி, மேப் கோப்பு, டீபக் விவரமுள்ள எல்ஃப் கோப்பு மூன்றும் சேமிப்பில் போகும். கிட் எண் (நிரலின் பதிப்பு அடையாளம்) ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டு, கரண்டு வந்தவுடன் டிஸ்ப்ளேயில் இரண்டு வினாடி தெரியும்.

எல்ஃபை வைத்துக்கொண்டதன் பலன் ஒருநாள் தாராபுரத்திலிருந்து போனில் வந்தது. ஹார்ட்ஃபால்ட் (சிப் மேலே ஓடமுடியாமல் விழும் பிழை) ஆனால் எந்த முகவரியில் விழுந்தது என்று டிஸ்ப்ளேயில் காட்டும்படி செய்திருந்தோம். விவசாயியின் மகன் படித்தான்: "அண்ணா, சைபர் எட்டு சைபர் சைபர், மூணு ரெண்டு ஒண்ணு நாலு." பதிப்பு எண்ணையும் படிக்கச் சொன்னேன். அந்தப் பதிப்பின் எல்ஃபை எடுத்து அட்ர்2லைன் (addr2line) கருவியில் அந்த முகவரியைக் கொடுத்தால், கோப்பும் வரியும் வந்துவிட்டது. எஸ்எம்எஸ் படிக்கும் இடம். எஸ்எம்எஸ் 160 எழுத்து வரை வரலாம். நான் 100 பைட் இடம்தான் வைத்திருந்தேன், நீளத்தைப் பார்க்கவும் இல்லை. ரீசார்ஜ் விளம்பரம் ஒன்று வந்து, பக்கத்திலிருந்த பாயின்டரை மிதித்துவிட்டது. தாராபுரம் போகாமல் மேஜையிலிருந்தே கண்டுபிடித்தோம். திருத்திய சிப்பை மாற்றத்தான் போகவேண்டியிருந்தது.

வெளியே போன ஃபர்ம்வேர்களை மறுபடி உருவாக்கமுடிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம், ஆயுத பூஜை அன்று. எப்படியும் அன்றைக்கு லேத் ஓடாது. எல்லோரும் துடைத்துக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஒன்றுமே ஏற்றாத ஒரு கம்ப்யூட்டரை எடுத்து, சர்வரிலிருந்து ஒவ்வொரு மாடலையும் இறக்கி, பில்ட் செய்து, சேமித்த பைனரியோடு செக்சம் ஒப்பிடுவோம். முதல் வருடம் நாலில் மூன்று பொருந்தவில்லை. ஒன்றில் பில்ட் தேதியை நிரலுக்குள் அச்சடிக்கும் மேக்ரோ. தினமும் பைனரி மாறாமல் என்ன செய்யும். தேதியை வெளியிலிருந்து நிலையாகக் கொடுக்க ஜிசிசி 7-இலிருந்து வழி இருக்கிறது. இன்னொன்றில் அசர்ட் (நிரல் தன்னையே சோதிக்கும்) செய்திகளோடு என் வீட்டு டைரக்டரிப் பாதை உள்ளே போயிருந்தது. அந்தப் பாதையை மாற்றி எழுத ஜிசிசி 8-இல் ஒரு கொடி உண்டு. மூன்றாவது, யாரோ கன்டெய்னருக்கு வெளியே அவசரத்தில் பில்ட் செய்து அனுப்பியது. யாரோ என்றால் நான்தான்.

போன வருடம் நாலும் பொருந்தின. ஐந்தாவது அந்த 2011 மாடல். அதை ஜிசிசிக்கு மாற்றி எழுதிவிட்டோம், இப்போது விற்பது புதியது. ஆனால் பழைய கம்பைலரில் உருவான பைனரி இன்னும் சில தோட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எங்களால் மறுபடி உருவாக்கமுடியாது; எக்ஸ்பி பெட்டியும் இரண்டு வருடத்துக்கு முன் நின்றுவிட்டது. ஹெக்ஸ் கோப்பை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் முடியும்.

பூஜையில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பக்கத்தில் எஸ்டி-லிங்க், லாஜிக் அனலைசர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் வைத்தார்கள். வரிசையின் கடைசியில் அந்த டாங்கிள். இது எதுக்குண்ணா, செத்துப்போன சாமான் என்றேன். அண்ணன் அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு, "இருக்கட்டும் கண்ணு, ஏழு வருஷம் சோறு போட்டுதல்ல" என்று பொரித் தட்டை என் பக்கம் தள்ளினார்.